வீட்டில் பாடம் சொல்லித் தருவதா, பள்ளிக்கே விட்டுவிடுவதா?

ஏற்காடு அப்பா, ஜூன் 14, 2024

பையனுக்கு 8 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு, 75 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். எஸ்டேட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் பெயர் இருக்கிறது, சிறப்பு ஆசிரியர் அவ்வப்போது வந்து பார்க்கிறார். ராத்திரி நானும் அவன் அம்மாவும் அ, ஆ எழுத வைக்க உட்கார்ந்தால் ஒரே அழுகை. என் மாமா, "படிப்பு வராத பிள்ளையை ஏன் வதைக்கிறீங்க, பள்ளிக்கூடத்துல பாத்துக்குவாங்க" என்கிறார். வீட்டில் சொல்லித்தர வேண்டுமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை அக்கா, ஜூன் 14, இரவு

தம்பி, ராத்திரி அ, ஆ எழுத வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த நேரமும் அந்த வழியும் சரியில்லை. நாள் முழுக்கக் காப்பித் தோட்டத்தில் நின்றுவிட்டு வரும் நீங்களும் களைத்திருப்பீர்கள், அவனும் களைத்திருப்பான். அழுதுகொண்டே எழுதும் பிள்ளைக்கு எழுத்து மனதில் நிற்காது, நோட்டைக் கண்டால் வரும் பயம்தான் நிற்கும்.

ஆனால் உங்கள் மாமா சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. என் மூத்தவனுக்கும் மிதமான குறைபாடுதான். இப்போது 21 வயது, சாயங்காலம் எங்கள் தட்டுவடை செட் பலகாரக் கடையில் என்னோடு நிற்கிறான். அவன் கற்றதில் பெரும்பங்கு வீட்டில் கற்றது. அதற்காக நாங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நடத்தவில்லை. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், மாவு பிசைய வேண்டும்.

ஜூன் 15

சிறப்புப் பள்ளியில் சேர்த்ததும் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்புவார்கள். என் பையனுக்கு நிரப்பியது மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம், சுருக்கமாக எம்டிபிஎஸ். சென்னையில் உருவாக்கியது. 18 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 20 திறன்கள், ஆக மொத்தம் 360. அவன் ஆசிரியை என்னை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார், இதைச் செய்கிறானா, செய்வதில்லையா என்று.

அந்தப் பகுதிகளைக் கேளுங்கள். நடப்பது ஓடுவது போன்ற பெரிய அசைவுகள், விரல் வேலை, சாப்பிடுவது, உடுத்துவது, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கழிவறை போவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, தான் நினைத்ததைச் சொல்வது, மற்றவர்களோடு பழகுவது, வாசிப்பு, எழுத்து, எண், நேரம், பணம், வீட்டு வேலை, வெளியிடம் அறிவது, பொழுதுபோக்கு, தொழில். இதில் வாசிப்பு, எழுத்து, எண் என்ற மூன்றைத்தான் நாம் படிப்பு என்று நினைத்துக்கொண்டு ராத்திரி நோட்டை எடுக்கிறோம். மிச்சம் 15 பகுதிகள் எங்கே நடக்கின்றன? அடுப்பங்கரையில், குளியலறையில், பஸ்ஸில், மளிகைக் கடையில். பல பள்ளிகளில் சாப்பாட்டு வேளை ஒன்றுதான். வீட்டில் காலையும் ராத்திரியும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் இருக்கிறது. சாப்பிடப் பழக்க எந்த இடத்தில் வாய்ப்பு அதிகம் என்று நீங்களே பாருங்கள்.

அதனால் என் பதில் இதுதான். வீட்டில் பள்ளிப் பாடம் வேண்டாம். வீட்டு வேலையே பாடம். ஆனால் பள்ளியில் எந்தத் திறனை இப்போது சொல்லித்தருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் அவன் எதைச் செய்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாக உழைத்தால் பிள்ளைதான் குழம்பும்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

ஓமலூர் அண்ணன் கேட்டிருக்கிறார், "வீட்டு வேலையே பாடம்னா எப்படி? எங்க பொண்ணு சொன்னா செய்யமாட்டேங்குதே."

அண்ணா, சொல்லிச் செய்ய வைப்பது கடைசியில் வருவது. முதலில் ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். பேன்ட் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பேன்ட்டைச் சரியான பக்கம் பிடிப்பது, உட்காருவது, ஒரு காலை விடுவது, மறு காலை விடுவது, முட்டி வரை இழுப்பது, எழுந்து நிற்பது, இடுப்பு வரை இழுப்பது. இதில் முதல் படியில் தொடங்காதீர்கள், கடைசிப் படியில் தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே விட்டுவிடுங்கள். கடைசி இழுப்பு மட்டும் பிள்ளை செய்யட்டும். முடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒவ்வொரு முறையும் கிடைக்கும். அது கைவந்ததும் முட்டியிலிருந்து. அப்புறம் ஒரு காலிலிருந்து. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

உதவியையும் அப்படித்தான் குறைக்க வேண்டும். முதலில் கைமேல் கை வைத்து, அப்புறம் முழங்கையை லேசாகத் தொட்டு, அப்புறம் விரலால் காட்டி, அப்புறம் வாயால் சொல்லி, அப்புறம் சும்மா நின்று. இந்தச் சும்மா நிற்பதுதான் வீட்டில் யாருக்கும் வராது. நாம் சொன்னது இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளே போய் வேலையாக வெளியே வர நேரம் ஆகும். அதற்குள் நாம் இன்னொரு முறை சொல்லிவிடுகிறோம், பாட்டி வந்து செய்தே கொடுத்துவிடுகிறார். எங்கள் வீட்டில் என் மாமியாரைச் சமாதானப்படுத்தத்தான் ரொம்ப நாள் பிடித்தது. பாவம், அவருக்குப் பேரன்மேல் அவ்வளவு பாசம்.

ஜூன் 18

தட்டுவடையை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தாள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். சேலத்துக்காரர்களுக்குச் செட் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு மொறுமொறு தட்டை ஒன்று, அதன்மேல் கார சட்னி, பச்சை சட்னி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், வெங்காயம், கடைசியில் மேலே மூடி வைக்க இன்னொரு தட்டை.

நான் தட்டில் எல்லாம் போட்டு முடித்து, மேல் தட்டையை மட்டும் அவன் கையில் கொடுப்பேன். அவன் மூட வேண்டும். ஆரம்பத்தில் அழுத்தி உடைத்துவிடுவான். தட்டை உடையக்கூடியது என்பது அவன் விரல்களுக்குத் தெரிய வேண்டும், அதை வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. உடைந்தவற்றையெல்லாம் நொறுக்கல் போட ஒதுக்கி வைத்துக்கொண்டேன், அதற்காக ஒரு வார்த்தை திட்டியதில்லை. மூடுவது வந்ததும் வெங்காயம் அவன் பொறுப்பு. அப்புறம் துருவல். சட்னியில்தான் நின்றுவிட்டது, கரண்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவான். சின்னக் கரண்டியாக மாற்றிப் பார்த்தேன், அப்போதும் கொட்டினான். பள்ளியில் சொன்னேன். ஆசிரியை வகுப்பில் மணலை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றும் வேலையைக் கொடுத்தார், மணிக்கட்டைத் திருப்பப் பழகுவதற்காக. அதற்கப்புறம்தான் இங்கே சட்னி சரியான இடத்தில் விழுந்தது. கடையில் நான் பார்த்ததைப் பள்ளியில் சொல்லியிருக்காவிட்டால் அங்கே மணி கோப்பதிலேயே காலம் போயிருக்கும்.

காசு தனிக் கதை. வகுப்பில் பிளாஸ்டிக் நாணயத்தை எண்ணுவான், கடையில் நிஜ நோட்டைக் கொடுத்தால் விழிப்பான். ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாக வராது. இந்தப் பிள்ளைகளிடம் இது ரொம்ப அதிகம். அதனால் நிஜ நோட்டையே வைத்துப் பழக்கினோம். ஊதாவில் இருப்பது 100, நீலம் 50, பச்சையும் மஞ்சளும் கலந்தது 20. பழைய 100 ரூபாய் நோட்டு வந்தால் இன்னமும் என்னைத்தான் பார்ப்பான். கேட்க வேண்டும் என்று தெரிகிறதே, அதுவே பெரிது.

ஜூன் 19

கழிவறைப் பழக்கம் பற்றி ஒன்று. பள்ளியில் நேரம் வைத்துக் கூட்டிப்போகிறார்கள், வீட்டில் டயப்பர் கட்டிவிடுகிறார்கள். இப்படி இருக்கும்வரை வராது. இரண்டு இடத்திலும் ஒரே நேரம், ஒரே சைகை அல்லது ஒரே வார்த்தை. பள்ளியில் என்ன சொல்லிக் கூட்டிப்போகிறார்களோ அதையே சொல்லுங்கள்.

ஜூலை 2

சிறப்பு ஆசிரியராக இருக்கும் ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார், "அக்கா சொல்வதைப் படித்துவிட்டு எழுத்தே வேண்டாம் என்று பெற்றோர் முடிவுகட்டிவிடக் கூடாது. மிதமான குறைபாடு உள்ள பல பிள்ளைகள் சொற்களை வடிவமாகப் பார்த்து அடையாளம் காண்பார்கள்." முழுக்க உண்மை. என் பையனும் அப்படித்தான், எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் 'ஆண்கள்', 'ஆபத்து', 'அம்மாப்பேட்டை' மூன்றையும் பார்த்தவுடன் சொல்வான். பஸ் பலகை, கழிவறைக் கதவு, மின்சாரப் பெட்டி, மருந்துச் சீட்டில் அவன் பெயர். தினம் கண்ணில் படும் சொல் எதுவோ அதிலிருந்து தொடங்கினால் அழுகை வராது. ஏற்காட்டுத் தம்பி, உங்கள் பையனுக்கு ஒண்டிக்கடையில் இறங்கத் தெரிய வேண்டும் என்றால் 'ஒண்டிக்கடை' என்ற பலகையைக் காட்டுங்கள். அ, ஆ வரிசையில் அது பின்னால் வருகிறதே என்று பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் அந்தச் சகோதரர் சொன்னார். லேசான குறைபாடு உள்ள பிள்ளைகள் சரியான உதவியோடு பள்ளிப் பாடத்தில் கணிசமாக முன்னேறுவார்கள். நான் எழுதுவது என் பையனை வைத்து, அதனால் அவரவர் பிள்ளையின் அளவைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 3

"ஆசிரியரைப் போய்ப் பார், பேசு என்கிறீர்கள். தினக்கூலி வேலையை விட்டுவிட்டு யார் போவது?" நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டது. இது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. தறிக்குப் போகும் பெண்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அவர்களைப் பார்த்து அக்கறை இல்லை என்று பள்ளியில் பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு உலகத்தில் ஏற்கெனவே வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிராமப்புறம், வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், எல்லாப் பிள்ளைகளையும் ஒரு மையத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் ஆசிரியரே வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போவார். அவர் சொல்லித்தருவது பெற்றோருக்கு. அடுத்த வாரம் வரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன இலக்கை எழுதிவைத்துவிட்டு வருவார், தினம் செய்வது பெற்றோர். உலகத்தில் பல நாடுகளுக்கு அது பரவியது. நம் பக்கம் சென்னை தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் உபநயன் என்ற பெயரில் நடத்தும் பயிற்சியிலும் சின்னப் பிள்ளையோடு அம்மாவும் உட்கார வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் வாசலைத் தாண்டியதும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சேர்வராயன் மலையில் வீடுகள் இருக்கும் விதத்துக்கு இந்த வாராந்திர வருகைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. வட்டார வள மையத்தில் கேளுங்கள். அந்த ஆசிரியர் வரும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பது முக்கியம். பிள்ளையை மட்டும் அவரிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அதுவும் முடியாதவர்களுக்கு போன் இருக்கிறது. பாப்பா சட்டை போடுவதை அரை நிமிஷம் வீடியோ எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

ஜூலை 4

மறந்துவிட்டேன். சேர்க்கமாட்டோம் என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 31: 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விருப்பம் நம்முடையது. பிரிவு 16, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. என் பையனை முதலில் சேர்த்த ஒரு தனியார் பள்ளியில், மற்ற பெற்றோர் குறை சொல்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது இந்தச் சட்டம் வரவில்லை, எதிர்த்துக் கேட்க எங்களிடம் ஒரு காகிதம் இல்லை. இப்போது உங்களிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

ஆடிப் பண்டிகை. கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் கால் வைக்க முடியவில்லை, எங்கள் தெருவிலும் மேளமும் கூழுமாக இருக்கிறது. இந்த நாட்களில் பிள்ளைகள் கத்துவது, கடிப்பது, தலையில் அடித்துக்கொள்வது அதிகமாகும் என்று மூன்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள்.

கத்துவதை நிறுத்துவது எப்படி என்று தொடங்காமல், எதற்காகக் கத்துகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அப்புறம் நாம் என்ன செய்தோம். இந்த மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கும். கத்தியதும் கையில் போனைக் கொடுத்தால், கத்தினால் போன் வரும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது என்று அர்த்தம். நன்றாகவே கற்றிருக்கிறது, நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். மேளச் சத்தம் தாங்காமல் கத்துகிறது என்றால் கதை வேறு, அங்கே காதைப் பொத்திக் காட்டவோ 'போலாம்' என்று சொல்லவோ பழக்க வேண்டும், சொன்னதும் உடனே கூட்டிவந்துவிடவும் வேண்டும். அந்த நோட்டைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் போன் கொடுத்து, பள்ளியில் கண்டுகொள்ளாமல் விட்டால் பிள்ளைக்கு எது சரி என்று புரியாது.

ஆகஸ்ட் 7

அப்பாக்களைப் பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டீர்கள். எல்லாம் அம்மாக்கள்தான்.

பள்ளிக்கூட்டங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அம்மாக்கள். குறைபாட்டுச் சான்றிதழ் வாங்க அரசு மருத்துவமனைக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு என்று அலைவது சில வீடுகளில் அப்பா. அது பெரிய உதவிதான். ஆனால் பிள்ளையோடு அன்றாடம் ஒரு வேலை அவருக்கு என்று இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டது குளியலும் பஸ்ஸும். பையன் வளர்ந்துவிட்டால் அம்மா குளிப்பாட்டுவதோ உள்ளாடை மாற்றுவதோ நல்லதில்லை, அதை அப்பாவோ சித்தப்பாவோ சொல்லித்தர வேண்டும். தன் உடம்பை யார் தொடலாம், கதவை எப்போது சாத்த வேண்டும் என்பதும் அதோடு வர வேண்டும். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் பற்றி வயசுக்கு வருவதற்கு முன்பே அம்மா தொடங்க வேண்டும், சிவப்பு மையைத் தடவி நாப்கின் மாற்றிப் பழக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஏற்காட்டுத் தம்பி, இந்த இழையில் முதல் கேள்வி ஒரு அப்பா கேட்டது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

செப்டம்பர் 21

பணம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகையை 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கினார்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை, தெரபி செலவும் அதில் சேரும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

18 வயது நெருங்குபவர்கள் கவனியுங்கள். 18 முடிந்ததும் சட்டப்படி நாம் இயல்பான காப்பாளர் இல்லை. நேஷனல் டிரஸ்ட் சட்டம், 1999, அதன்படி ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளராக வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து, ஆபரேஷன் கையெழுத்து எல்லாவற்றுக்கும் அது கேட்கிறார்கள். வீட்டில் பெரிய விசேஷமே இருந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்டோபர் 9

ஏற்காட்டுத் தம்பி எழுதியது: "அக்கா, பையன் இப்போ சாப்பிட்ட தட்டை எடுத்து தொட்டியில போடுறான். ஆயுத பூஜை லீவு முடிஞ்சு சிறப்பு ஆசிரியர் எங்களை வரச்சொல்லியிருக்கார். என்ன பேசறதுன்னு தெரியலை."

தம்பி, தட்டு விஷயத்தையே முதலில் சொல்லுங்கள், எந்தப் படியில் உதவினீர்கள் என்பதோடு. பிள்ளைக்கு எது வராது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், வீட்டில் எது வருகிறது என்று தெரியாது. அப்புறம் மூன்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இந்தப் பருவத்தில் எந்தத் திறனை எடுத்திருக்கிறார்கள். என்ன வார்த்தை, என்ன சைகை பயன்படுத்துகிறார்கள். தனிநபர் கல்வித் திட்டம் என்று எழுதிவைத்திருக்கும் தாளில் ஒரு நகல். தரத் தயங்கினால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றோர் பார்க்கக் கூடாத ரகசியம் அதில் இல்லை.

வீட்டுக்கு ஒரே ஒரு திறன் வாங்கிக்கொண்டு வாருங்கள். நவம்பரில் காப்பிப் பறிப்பு தொடங்கினால் உங்கள் இரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது, ஐந்தாறு திறனை ஏற்றுக்கொண்டால் ஒன்றும் நடக்காது. அதை ஆசிரியரிடமே சொல்லிவிடுங்கள், பறிப்பு முடியும்வரை இது ஒன்றுதான் முடியும் என்று. எதை எடுத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். ஓமலூர் அண்ணனும் பொண்ணுக்கு எது பார்ப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.